மூன்று ஹாரன் அடித்த கல்யாணக் கார்

இரண்டு வருடங்களுக்கு முன், ஒரு மே மாதக் காலை. கோலார் தங்கவயல் சாம்பியன் ரீப்ஸில் உள்ள சர்ச்சில் பத்தரை மணிக்கு என் தம்பிக்குக் கல்யாணம். வேலூரிலிருந்து மாப்பிள்ளையை நான்தான் காரில் அழைத்து வருவேன் என்று அடம்பிடித்தேன். நாற்பத்து மூன்று வயதில் லைசென்ஸ் வாங்கியவளுக்கு அந்த வீம்புகூட இல்லாமலா? பக்கத்தில் கணவர். பின் சீட்டில் கோட் சூட்டோடு தம்பி, மூட்டுவலிக்கார அம்மா.

வி.கோட்டாவைத் தாண்டும்போதே ஸ்டியரிங்குக்குப் பின்னால் ஒரு சிவப்பு விளக்கு எரிந்தது. பார்த்தேன். சொன்னால் கணவர், "இதுக்குத்தான் நான் ஓட்டறேன்னேன்" என்று ஆரம்பிப்பார். அதனால் அந்த விளக்கு அவர் கண்ணில் படாதபடி கையை வைத்துக்கொண்டு ஓட்டினேன்.

பேத்தமங்களா ஏரியைக் கடந்த கொஞ்ச தூரத்தில் முன்பக்கத்திலிருந்து குபுகுபுவென்று ஆவி கிளம்பியது. ரேடியேட்டர் குழாய் கிழிந்து வண்டி நின்றுவிட்டது. மணி ஒன்பதே முக்கால். பன்னிரண்டு மணிக்கு அதே சர்ச்சில் இன்னொரு கல்யாணம் இருந்தது. நாங்கள் தாமதித்தால் எங்களுடையதை மாலைக்குத் தள்ளிவிடுவதாகப் போதகர் முன்பே கண்டிப்பாகச் சொல்லியிருந்தார். சொந்தக்காரர்களின் வேன் எப்போதோ போய்விட்டது. மேளச் சத்தத்தில் ஒருவரும் போனை எடுக்கவில்லை. எனக்கு அழுகை முட்டிக்கொண்டு வந்தது.

அப்போது காலித் தக்காளிப் பெட்டிகளோடு ஒரு டெம்போ வந்து நின்றது. அறுபது வயதுக்காரர் ஒருவர் இறங்கினார்.

"இன்னாம்மா, மாப்ள வண்டியா? இப்டி நடுவழில நின்னுடுச்சே!"

தம்பியை மட்டும் டெம்போவில் ஏற்றி அனுப்பலாம் என்றார் கணவர். "பெத்தவ இல்லாம அவன் கல்யாணமா?" என்று அம்மா குரலை உயர்த்தினாள். அவளால் டெம்போவில் ஏறவும் முடியாது. டெம்போக்காரர் சிரித்துக்கொண்டே கயிற்றை எடுத்துக் காரைக் கட்டினார்.

"நான் மைன்ல, ஆளுங்கள ஏத்தி இறக்கற கேஜுக்கு மணி அடிச்சவம்மா. அதே கணக்குதான். நீங்க ஒரு ஹாரன் அடிச்சா நான் நிறுத்திடுவேன். மூணு அடிச்சா உள்ள ஆளுங்க இருக்காங்கன்னு அர்த்தம், மெல்லப் போவேன்."

கிளம்பினோம். பள்ளம் கண்டால் மூன்று ஹாரன், மாடு கண்டால் மூன்று ஹாரன். சாம்பியன் ரீப்ஸுக்குள் நுழைந்தபோதுதான் அதிசயம். டீக்கடையில் உட்கார்ந்திருந்த பழைய சுரங்கத்துப் பென்ஷன்காரர்கள் அந்த மூன்று ஹாரனைக் கேட்டதும் சட்டென்று எழுந்தார்கள். ஒருவர் ரோட்டின் நடுவில் வந்து கையை நீட்டி ஆட்டோக்களை நிறுத்தினார். "ஆளுங்க வராங்க, வழி வுடுங்கப்பா!"

சர்ச் வாசலில் நின்றிருந்த பெண்ணின் அப்பாவும் பழைய சுரங்கத் தொழிலாளிதான். கவலையில் முகம் கறுத்திருந்தவர், ஹாரனைக் கேட்டதும் கேட்டை விரியத் திறந்து, "கேஜ் மேல வந்துடுச்சிடா!" என்று கூவினார். பேண்டு வாத்தியம் முழங்கியது. மணி பத்து இருபத்தைந்து. நான் ஒரே ஒரு ஹாரன் அடித்தேன். டெம்போ கச்சிதமாக நின்றது.

டெம்போக்காரரைப் போகவிடாமல் பிடித்து உட்காரவைத்துப் பிரியாணி பரிமாறினோம். குடும்பப் போட்டோவில் தம்பிக்குப் பக்கத்திலேயே நிற்கிறார், சட்டையில் தக்காளிக் கறையோடு. சாப்பிடும்போது அந்தச் சிவப்பு விளக்கு விஷயத்தைக் கணவரிடம் ஒப்புக்கொண்டேன். அவர் இலையைப் பார்த்துக்கொண்டே சொன்னார்: "நானும் பார்த்தேன். சொன்னா நீ கத்துவேன்னு சும்மா இருந்துட்டேன்."

சுருக்கென்றது. அடுத்த நிமிடம் இருவருக்கும் புரையேறும் அளவுக்குச் சிரிப்பு வந்துவிட்டது.

இப்போதும் வீட்டில் என் குரல் ஏறும்போதெல்லாம் அவர் மேஜையில் மூன்று தட்டு தட்டுவார். உள்ளே ஆட்கள் இருக்கிறார்கள் என்று எனக்கு நினைவு வந்துவிடும், மெல்லப் போகிறேன்.