ஆட்டம் போட வைக்கும் சோகம்

போன மாதம் ஒரு சாயங்காலம், எங்கள் வீட்டுக் கார் ஷெட் பக்கம் போனவன் அப்படியே நின்றுவிட்டேன்.

ஷெட்தான் இருக்கிறது, கார் கிடையாது. முதலில் ஷெட் கட்டுவோம், கார் தானாக வரும் என்று நம்பிய புத்திசாலி நான். வந்து சேர்ந்தது ஒரு பாட்டு கோஷ்டி. மகள் கயல் டிரம்ஸ். அவளுடன் படித்த பிரவீன் கிட்டார். இன்னொரு பெண் கீபோர்டு. மூன்று பேரும் ஆரம்பித்தால் ஜெயங்கொண்டம் முழுக்கக் கேட்கும்.

அன்றைய மெட்டு பிரமாதம். கால் தானாக ஆடியது. ஆடிக்கொண்டே வார்த்தையைக் கவனித்தேன்... கால் நின்றுவிட்டது.

'பக்கத்துலதான் இருக்க – ஆனா பக்கத்துல இல்ல...
செல்லப் பாத்துச் சிரிக்கிற – எங்கிட்ட வெறும் உம்... உம்... உம்!'

கல்யாண வயதுப் பெண் இப்படிப் பாடினால் என்ன அர்த்தம்? யார் அந்த 'உம்'?

பிரவீனைப் பார்த்தேன். எப்போதும் செல்லும் கையுமாக இருப்பவன். "நல்லாருக்கா அங்கிள்?" என்றான். என்ன தைரியம்!

அன்றிலிருந்து துப்பறிய ஆரம்பித்தேன். செடிக்குத் தண்ணீர் ஊற்றுகிற சாக்கில் ஷெட்டையே சுற்றி வந்தேன். செம்பருத்தி வேர் அழுகியதுதான் மிச்சம். கடைசியில் கயலிடமே ஜாடையாகக் கேட்டேன்.

"மனசுல ஏதாவது இருந்தா அப்பாகிட்ட சொல்லும்மா."

"எனக்கு ஒண்ணும் இல்லப்பா. பாட்டு நான் எழுதல."

"பிரவீனா?"

"அவன் லீவ் லெட்டரே என்னுதைப் பாத்துத்தாம்ப்பா எழுதுவான்."

"அப்ப யாரு?"

"சொல்ல மாட்டேன்னு சத்தியம் பண்ணிருக்கேன்."

சத்தியமா? சந்தேகம் இன்னும் வீங்கியது.

மனைவியிடம் புலம்பினேன். வெங்காயம் உரித்துக்கொண்டிருந்தாள். "யாரோ பாவம், பேச ஆளில்லாம எழுதிருக்கும். விடுங்க" என்றாள். கண் கலங்கியிருந்தது. வெங்காயம்!

இந்த நிலையில்தான் உடையார்பாளையத்தில் தங்கை மகனுக்குக் காதுகுத்து வந்தது. தாய்மாமன் நான். "பேண்டு செட்டுக்குப் பதிலா நம்ம கயல் கோஷ்டியவே கூட்டியாண்ணே" என்றாள் தங்கை.

குட்டியானை லோடு வண்டியில் கோஷ்டி. அதற்கு முன்னால் தலைப்பாகை, மாலை, கையில் சீர்த் தட்டோடு நான். கோயிலுக்குக் கிளம்பியதும் ஆரம்பித்தார்கள்... அந்தப் பாட்டேதான்!

தெருவே ஆடியது. சொந்தக்காரர்கள் அத்தனை பேரும் 'உம்... உம்...' என்று குதித்தார்கள். நல்ல காரியத்தில் இப்படி ஒரு பாட்டா என்று ஒருவரும் கேட்கவில்லை. வண்டியை நிறுத்தலாமென்றால் இரண்டு கையிலும் தட்டு.

கோயில் வாசலில் கயல் மைக்கைப் பிடித்தாள்.

"அம்மா, திட்டாத. இதுக்கு மேல மறைக்க முடியாது. இந்தப் பாட்ட எழுதுனது எங்கம்மா!"

கைதட்டல். விசில். மனைவி முந்தானையால் முகத்தை மூடிக்கொண்டாள். கூட்டம் முழுக்க அவளைப் பார்த்தது. பிறகு... மெதுவாக என் பக்கம் திரும்பியது.

"அண்ணே, அந்த 'உம்' நீதானா?" என்றாள் தங்கை.

தட்டிலிருந்து ஒரு சீப்பு வாழைப்பழம் விழுந்தது. எடுக்க ஒருவரும் குனியவில்லை. அவ்வளவு சுவாரசியமாக என்னைப் பார்த்துக்கொண்டிருந்தார்கள்.

திரும்பும்போது பஸ்ஸில் மெதுவாகக் கேட்டேன்.

"என்னப் பத்தியா எழுதுன?"

"வாராவாரம் பேப்பர்ல எழுதி முன்னபின்ன தெரியாதவங்ககிட்ட எல்லாம் அவ்ளோ பேசறீங்க. வூட்டுல நான் பேசுனா மட்டும் உங்க காதுல விழறதே இல்ல."

"சரி... அதுக்கு எதுக்கு இவ்ளோ ஜாலியா மெட்டு?"

"அழுதுக்கிட்டே சொன்னா எந்திரிச்சுப் போயிடுவீங்க. கால் ஆடுனாத்தான் நின்னு கேப்பாருன்னு கயல் சொன்னா. கேட்டீங்கல்ல?"

கேட்டேன். செடிக்குப் பின்னால் ஒளிந்து நின்றெல்லாம் கேட்டேன். ஊரில் எல்லோரையும் சந்தேகப்பட்டேன் – கண்ணாடியில் தெரிகிற ஆளைத் தவிர.

சோகம் மூக்கைச் சிந்திக்கொண்டுதான் வரும் என்று யார் சொன்னது? சில வீடுகளில் அது தாளம் போட்டுக்கொண்டு வருகிறது. நாமும் கைதட்டிவிட்டுப் போய்விடுகிறோம்.

இப்போதெல்லாம் சாயங்காலமானால் செல்லை மேஜையில் கவிழ்த்து வைத்துவிட்டு அவளோடு உட்காருகிறேன். நிறையப் பேசுகிறோம். திருந்திவிட்டேன் என்றுதான் நினைத்துக்கொண்டிருந்தேன். ஆனால், நேற்று ஷெட்டில் புதுப் பாட்டுக்கு ரிகர்சல் நடந்தது. வார்த்தை இன்னும் சேரவில்லை. மெட்டு மட்டும் பழையதைவிடப் பல மடங்கு ஜாலி...

மறுபடியும் செடிக்குத் தண்ணீர் ஊற்ற ஆரம்பித்துவிட்டேன்!