மோட்டார் நேரத்துக்கு ஒரு வாக்கெடுப்பு

மேனாம்பேட்டில் எங்கள் அடுக்ககத்தில் மொத்தம் பதினாறு வீடுகள். பதினாறு பேரும் ஒரே கருத்துக்கு வந்த சரித்திரம் கிடையாது. மாடிப்படியில் செருப்பு ஸ்டாண்டு வைக்கலாமா என்பதற்கே இரண்டு மாதம் சண்டை போட்டோம். அப்படிப்பட்ட நாங்கள் ஒரு புதன்கிழமை மத்தியானம், சோறு ஆறுவதற்குள், ஏகமனதாக ஒரு தீர்மானம் நிறைவேற்றினோம். இப்போது நினைத்தாலும் புல்லரிக்கிறது, போங்கள்.

விஷயம் தண்ணீர் மோட்டார். மேல் தொட்டி ராத்திரியே காலியாகிவிடும். காலை ஐந்துக்கு வாட்ச்மேன் மோட்டாரைப் போட்டால்தான் குழாயில் தண்ணீர். மோட்டார் அறையோ சங்கச் செயலாளரின் படுக்கையறைச் சுவரை ஒட்டி இருக்கிறது. அவர் ஐ.டி. கம்பெனிக்காரர், வெளிநாட்டுக்காரன் வேலை முடித்த பிறகுதான் இவர் படுப்பார். ஏழு மணிக்கு மாற்றிக்கொள்ளலாமா என்று வாட்ஸ்அப் குரூப்பில் கேட்டார். பன்னிரண்டு பேர் கட்டைவிரலை உயர்த்தினோம். நானும்தான். எனக்கு எட்டரைக்குத்தான் குளியல், எனக்கென்ன போச்சு? நாலு வீட்டிலிருந்து பதிலே இல்லை. அதில் மூன்று பேர் குரூப்பை எப்போதும் மியூட்டில் வைத்திருப்பவர்கள். பதில் சொல்லாதவர்கள் சம்மதித்ததாக எடுத்துக்கொள்கிறோம் என்று ஒரு வரி தட்டிவிட்டு, பதினாறுக்குப் பதினாறு என்று செயலாளர் அறிவித்தார். கைதட்டும் பொம்மைகள் வந்து குவிந்தன.

முன்பு சுற்றறிக்கை நோட்டு ஒன்று இருந்தது. வாட்ச்மேன் வீடு வீடாகக் கதவைத் தட்டிக் கையெழுத்து வாங்குவார். சங்க விதியே அதுதான். குரூப் வந்ததும், காகிதத்தை மிச்சம் பிடித்து மரங்களைக் காப்பாற்றுவதாகச் சொல்லி நோட்டைப் பரணில் போட்டோம். குப்பை விழுகிறதென்று வாசல் வேப்பமரத்தை வெட்டியவர்களும் நாங்களேதான்.

சனிக்கிழமை விடியற்காலை நடைக்குக் கிளம்பினேன். செயலாளரின் எதிர் வீட்டு அம்மா தெருமுனை அடிபம்பிலிருந்து இடுப்பில் ஒரு குடமும் கையில் ஒரு வாளியுமாக வந்துகொண்டிருந்தார். அம்பத்தூர் எஸ்டேட்டில் ஒரு கம்பெனியில் அவருக்கு முதல் ஷிப்ட். ஆறுக்குள் கேட்டைத் தாண்டாவிட்டால் அரை நாள் லீவு.

"இன்னா சார், மோட்டாரு பூட்ச்சா? மூணு நாளா குயாய்ல சொட்டு தண்ணி வர்ல" என்றார்.

"பாக்கச் சொல்றேம்மா" என்று சொல்லிவிட்டு நடையைக் கட்டினேன். வெட்கக்கேடு. ஓட்டுப் போட்ட கட்டைவிரலைப் பாக்கெட்டுக்குள் விட்டுக்கொண்டேன்.

மறுநாள் ஞாயிற்றுக்கிழமை கார் நிறுத்துமிடத்தில் சங்கக் கூட்டம். விஷயத்தை வாட்ச்மேனிடம் கறந்துவிட்டு அந்த அம்மாவும் வந்து நின்றார்.

"யார கேட்டு டைம மாத்துனீங்கோ? எனுக்கு யாரு சொன்னா?"

"முறைப்படி எல்லாருக்கும் தகவல் போயிருக்கு மேடம். உங்க வீட்டு நம்பரும் குரூப்ல இருக்கு, பாருங்க" என்று செயலாளர் போனை நீட்டினார்.

இருந்தது. வீட்டுப் பத்திரம் கணவர் பெயரில் என்பதால், குரூப்பில் இருந்ததும் அவர் நம்பர். அவர் போன ஆடியில் மாரடைப்பில் போய்விட்டார். அன்றைக்கு அதே குரூப்பில், அவரையும் வைத்துக்கொண்டே, அவருக்கு ஆழ்ந்த இரங்கல் தெரிவித்தோம். முதல் இரங்கல் செயலாளருடையது. சங்கத்தின் சார்பில் மாலை போட்டதும் அவர்தான். அணைத்து வைத்த கணவரின் போன் பீரோவில் கிடக்க, எங்கள் அறிவிப்புகள் மட்டும் அவருக்குத் தவறாமல் போய்க்கொண்டிருந்தன.

குரூப்பில் அந்த நம்பருக்குப் பக்கத்தில், கட்டம் போட்ட சட்டையில் சிரிக்கும் கணவரின் சின்னப் படத்தை அந்த அம்மா உற்றுப் பார்த்தார்.

"பதில் சொல்லாதவங்கோல்லாம் சரின்னுட்டதா கணக்காம். அப்போ இவரும் சரின்னுட்டாரா?"

செயலாளர் நீட்டிய போனைத் தன் பக்கம் இழுத்துக்கொண்டார்.

"இருவது வர்சம் எனுக்கு மின்னாடி எய்ந்து, நான் குளிக்க வென்னி வெச்சுக் குடுத்த மன்ஷன்யா அவரு. செத்தப்பறம், பொண்டாட்டிக்குத் தண்ணி வுடாதன்னு ஓட்டுப் போட்டாரா?"

"இந்த ஓட்டு செல்லாதுங்க" என்று என் வாய் ஒருவழியாகத் திறந்தது. நாலு நாள் கழித்து வந்த வீரம். உடனே எல்லாரும் ஆமாம் ஆமாம் என்றார்கள். ஏகமனது எங்களுக்குப் பழகிவிட்டிருந்தது.

நாளையிலிருந்து பழையபடி ஐந்து மணி என்று ஒப்புக்கொண்ட செயலாளர் போனில் எதையோ தேடினார். மேடம் இப்போது அம்மாவாகிவிட்டார். "உங்க நம்பரச் சொல்லுங்கம்மா, குரூப்ல சேத்துடறேன்."

"நம்பரு இன்னாத்துக்குப்பா? எதிரூட்லதானே கீறேன். கதவ தட்டு."