இடது காலில் பாரம்

ஆயத்த ஆடைத் தொழிற்சாலையில் இருபத்தாறு வருடம் சட்டைக் காலர் தைத்தவர் என்பதால் எல்லோருக்கும் அவர் காலர் அக்கா. காலரின் இரண்டு முனைகளும் ஒரே கூராக வர வேண்டும், இல்லாவிட்டால் எவ்வளவு அழகானவன் போட்டாலும் கோணல் கழுத்துக்காரனாகத் தெரிவான் என்று புதிதாக வரும் பெண்களிடம் சொல்லுவார். ஐம்பத்து மூன்றாம் வயதில் அவர் தைத்த முனைகளே கோண ஆரம்பித்தன. சும்மா இருக்கும் நேரத்தில் வலது கட்டைவிரல் எதையோ உருட்டிக்கொண்டே இருந்தது. சூப்பர்வைசர் அவரை முதலில் பிசிறு வெட்டும் மேசைக்கு மாற்றினார். மூன்று மாதம் கழித்து வீட்டுக்கு அனுப்பினார்.

நரம்பு டாக்டர் நடுக்குவாதம் என்றார். நடுக்கத்தைவிட அக்காவைப் படுத்தியது கால்தான். நன்றாக நடந்து வருவார், நிலைப்படியைக் கண்டதும் இரண்டு பாதங்களும் தரையில் ஒட்டிக்கொள்ளும். உடம்பு முன்னால் போகும், கால் போகாது. மூன்று மாதத்தில் ஆறு முறை விழுந்தார். ஐந்தாவது முறை மணிக்கட்டு முறிந்தது. ஆறாவது முறை குளியலறையில் விழுந்ததில் தலையில் ஏழு தையல்.

அவர் கணவர் ஒரு கிடங்கில் பகல் காவலாளி. பிள்ளைகள் இல்லை. அந்த ஏழு தையலுக்குப் பிறகு, வேலைக்குக் கிளம்பும்போது வீட்டை வெளியே பூட்டத் தொடங்கினார்.

"நீ பாட்டுக்கு வெளிய வந்து விழுந்து கெடந்தா யாரு தூக்கறது? கட்டில்லயே உக்காரு. நாலு மணிக்கு வந்துடறேன்."

கோபமாகச் சொல்லவில்லை, கெஞ்சுகிற குரலில்தான் சொன்னார். பகலுக்கான மாத்திரைகளைக் கிண்ணத்தில் எடுத்து வைப்பார். நாலு மணி மாத்திரை அவர் வந்து கொடுப்பது, அந்த மாத்திரை அட்டை எப்போதும் அலமாரிக்கு மேலே இருக்கும். போன் கிடையாது. நடுங்கும் கையிலிருந்து விழுந்து இரண்டு போன்கள் உடைந்த பிறகு மூன்றாவது வாங்கவில்லை.

ஆஸ்பத்திரியில் மறுபடி காட்டப் போனபோது, பழைய புறநோயாளிக் கூடத்தில் வாரம் இரண்டு நாள் காலையில் தாய்ச்சி சொல்லிக் கொடுக்கிறார்கள், நீங்கள் போக வேண்டும் என்றார் டாக்டர். சீனாவிலிருந்து வந்த, மெதுவாகச் செய்கிற பயிற்சி. கணவருக்கு நம்பிக்கை இல்லை. நடக்கவே தடுமாறுகிறவளை ஒற்றைக் காலில் நிற்கச் சொல்வதா என்று முணுமுணுத்தார். ஆனாலும் டாக்டர் சொன்னதைத் தட்ட மாட்டார். கூட்டிப் போய் வெளி பெஞ்சில் கையைக் கட்டிக்கொண்டு உட்கார்ந்தார்.

சொல்லிக் கொடுத்தவர் ஓய்வுபெற்ற ஆண் நர்ஸ். முதல் நாளே அவர் உடைத்துப் பேசிவிட்டார்.

"இது நோயைக் குணப்படுத்தாதும்மா. மாத்திரையையும் நிறுத்தக் கூடாது. விழறது குறையும், கால்ல கொஞ்சம் பலம் வரும். அவ்வளவுதான் என்னால சொல்ல முடியும்."

முழங்காலைச் சற்றே தளர்த்தி நிற்க வேண்டும். உடம்பின் பாரம் முழுவதையும் இடது காலுக்கு மாற்ற வேண்டும். மாறிவிட்டது என்று தெரிந்த பிறகே வலது காலை எடுத்து, குதிகாலை முதலில் பதித்து, மெல்ல அந்தப் பக்கம் சாய வேண்டும். கைகள் தண்ணீருக்குள் அசைவது போல அசையும். பார்க்க ஒன்றுமில்லாதது போலிருந்தது, பத்து நிமிடத்தில் தொடை கடுத்தது. தையல் மெஷின் முன் உட்கார்ந்தே காலத்தைக் கழித்தவருக்கு, நடப்பது என்றால் இத்தனை வேலை என்று அப்போதுதான் தெரிந்தது.

வீட்டில் தனியாக இருக்கும்போது செய்யவே கூடாது என்று கணவர் சொல்லியிருந்தார். அவர் பூட்டிவிட்டுப் போனதும் அக்கா கட்டில் விளிம்பைப் பிடித்துக்கொண்டு செய்வார். ஐந்து மாதத்தில் ஒரே ஒரு தடவைதான் விழுந்தார். நாற்காலியிலிருந்து கைப்பிடி பிடிக்காமல் எழுந்தார். கணவர் அதைப் பார்த்தார். மறுநாள் வழுக்காத அடிப்பாகம் உள்ள செருப்பு ஒரு ஜோடி வாங்கி வந்து கட்டிலடியில் வைத்தார். ஆனால் பூட்டை மட்டும் விடவில்லை.

ஒரு வியாழக்கிழமை நாலு மணிக்கு அவர் வரவில்லை. நாலரைக்கு யாரோ கதவைத் தட்டினார்கள். அக்கா கட்டிலிலிருந்தே குரல் கொடுத்தார். நோயில் அவர் குரலும் மெலிந்து போயிருந்தது, அறையைத் தாண்டவில்லை. எழுந்து நிற்பதற்குள் வெளியே பேச்சு கேட்டது.

"பூட்டியிருக்கு. தகவல் தெரிஞ்சு ஆஸ்பத்திரிக்குப் போயிருப்பாங்க."

காலடிகள் விலகின. யாருக்கு என்ன என்று சொல்ல வேண்டியதில்லை.

மாத்திரையின் வேகம் குறைந்துகொண்டிருந்தது. அட்டை கைக்கு எட்டாது. தோளும் இடுப்பும் இறுகத் தொடங்கின. தெருப்பக்க ஜன்னலில் நின்று கூப்பிட்டுப் பார்த்தார், வண்டிச் சத்தத்தில் யாருக்கும் கேட்கவில்லை. மிச்சமிருந்தது சமையலறையின் பின்ஜன்னல். அதை ஒட்டித்தான் பக்கத்து வீட்டுக்காரர்கள் துணி துவைப்பார்கள். அங்கே போக இரண்டு நிலைப்படிகளைத் தாண்ட வேண்டும்.

முதல் நிலைப்படியில் கால் ஒட்டிக்கொண்டது. பிடிவாதமாக இழுத்தால் விழுவோம் என்று தெரியும். இழுப்பதை நிறுத்தினார். இடது பக்கம் சாய்ந்தார், வலது பக்கம் சாய்ந்தார், மறுபடி இடது. பாரம் முழுவதும் இடது காலில் இறங்கும்வரை காத்திருந்து வலது பாதத்தைத் தூக்கினார். வந்தது. இரண்டாவது நிலைப்படியில் கால் மணி நேரத்துக்கு மேல் நின்றார். அழுகை வந்தது, அழுதால் மூச்சு முட்டி ஆடிவிடும் என்பதால் அதையும் அடக்கிக்கொண்டார். சமையலறைக்குள் போய்ச் சேர்ந்தபோது மணி ஆறேகால். கரண்டியால் ஜன்னல் கம்பியைத் தட்டத் தொடங்கினார். சுத்தியலோடு வந்து பூட்டை உடைத்தவர்கள், அவர் விரல்களிலிருந்து கரண்டியைப் பிரித்து எடுக்க வேண்டியிருந்தது.

கணவர் மதியம் இரண்டு மணிக்குக் கிடங்கு வாசலில் நெஞ்சைப் பிடித்துக்கொண்டு சரிந்திருக்கிறார். ஐந்தரை வரை உயிர் இருந்தது. சாவி, சாவி என்று இரண்டு முறை சொன்னாராம், கிடங்குச் சாவியைக் கேட்கிறார் என்று நினைத்திருக்கிறார்கள். அக்கா ஆஸ்பத்திரிக்கு வந்தது ஏழேகாலுக்கு.

அடக்கம் முடிந்ததும் நாத்தனார் வந்து கூடவே தங்கினார். கணவரின் தங்கை. தனியாக வாழ்ந்தவர், முட்டிவலிக்காரர், மனதில் பட்டதைப் பட்டென்று சொல்பவர்.

"உனக்குக் காவல் இருந்தே எங்க அண்ணன் தேஞ்சு போயிட்டான்" என்றார் ஒருநாள்.

அக்காவும் அதையேதான் நினைத்துக்கொண்டிருந்தார். பயிற்சிக்குப் போவதை விட்டார். அந்த மாதத்தில் இரண்டு முறை விழுந்தார். நர்ஸ் வீடு தேடி வந்து, ஐந்து மாதத்தில் சேர்த்த பலம் ஐந்து வாரத்தில் போய்விடும் என்றார். அக்கா சுவரைப் பார்த்துக்கொண்டு இருந்தார். நாத்தனார்தான் எழுந்தார்.

"கெளம்பு. விழுந்து தொலைச்சா நான்தான தூக்கணும்? என் முட்டிக்கு அது முடியாது."

இரண்டு மாதம் பெஞ்சில் உட்கார்ந்து பார்த்த நாத்தனார், சும்மா இருப்பானேன் என்று கடைசி வரிசையில் போய் நின்றார். படி ஏறும்போது இப்போது முனகுவதில்லை. கேட்டால், தைலத்தை மாற்றினேன், அதனால்தான் என்பார்.

மூன்று வருடம் ஆகிறது. நோய் தன் வேலையைப் பார்த்துக்கொண்டுதான் இருக்கிறது. மாத்திரை ஒரு நாளைக்கு ஆறு வேளையாகிவிட்டது. சாப்பாட்டை மசித்துத்தான் கொடுக்க வேண்டும். தாய்ச்சியில் பாதியை அக்கா நாற்காலியில் உட்கார்ந்தபடியே செய்கிறார். தூக்கத்தில் கணவரின் பெயரைச் சொல்லிக் கூப்பிடுகிறார், அவர் உயிரோடிருந்தபோது ஒருநாளும் பெயர் சொல்லிக் கூப்பிட்டதில்லை.

இந்த வருடம் இரண்டு தடவைதான் விழுந்தார். இரண்டாம் தடவை, பிடிக்க வந்த நாத்தனாரும் சேர்ந்து விழுந்தார். நல்லவேளை, எலும்பு எதுவும் முறியவில்லை. பக்கத்து வீட்டுக்காரர் வந்து பார்த்தபோது இருவரும் தரையில் கால் நீட்டி உட்கார்ந்து, யார் யாரை இழுத்தது என்று சண்டை போட்டுக்கொண்டிருந்தார்கள்.