முன் சில்லுக் காற்று

சூடான ஒயிலும் பழைய இருக்கைத் தூசியும், முன்கண்ணாடிக்குக் கீழே அம்மா ஒட்டிவைத்திருந்த சின்னப் பிள்ளையாரின் சந்தனமும் கலந்த ஒரு மணம், குளிர்காலக் காலைகளில் அப்பா ஹீற்றரைப் போட்டதும் எங்கள் கால்களுக்கிடையால் எழும்பி வரும். கனடாவில், மல்வேர்னில் எங்கள் வரிசை வீடுகளில் வேறு எந்தக் காரும் அப்படி மணப்பதில்லை. எங்களுடையது அப்பா மொன்றியலில் வாங்கி ஓட்டிவந்த, அறுபதுகளில் செய்த அமெரிக்கக் கார், வெளிறிய நீலம். அதன் எஞ்சின் பின்னால் இருந்தது, அதைக் குளிரவைக்கத் தண்ணீர் கிடையாது, விசிறி அடிக்கிற காற்று மட்டும்தான், எஞ்சினைத் தழுவிச் சூடேறிய அதே காற்றுத்தான் உள்ளே வந்து எங்கள் விறைத்த விரல்களையும் சூடாக்கியது.

"தண்ணியில்லாத எஞ்சின், உறையுறதுக்கு உள்ளுக்கை என்ன கிடக்கு?" என்று அப்பா வருகிறவர்களுக்கெல்லாம் சொல்லுவார். தொழிற்சாலை வேலையில் மிஞ்சிய நேரமெல்லாம் அவருக்கு அந்தக் காருடன்தான் போனது. கடைக்குப் போய்வந்தால் அரிசி மூட்டை முன்மூடிக்குக் கீழேதான் போகும். ஒருநாள் பற்றரி இறங்கிப்போய், உதவிக்கு வந்த மாமா, அம்மாவின் தம்பி, மற்றக் கார்களில்போல முன்மூடியைத் திறந்துவிட்டு அரிசி மூட்டையைப் பார்த்தபடி நின்றார். "அத்தான், எஞ்சினை மொன்றியலிலை மறந்துபோய் விட்டிட்டு வந்திட்டியள்போல" என்றார். அப்பாவும் சிரித்தார். எனக்குத்தான் முகம் சுருங்கியது.

யாழ்ப்பாணத்தில் அப்பா கார் வைத்திருந்தவரல்ல. சைக்கிளிலேயே பள்ளிக்கூடம், சைக்கிளிலேயே வேலை, இடம்பெயர்ந்ததும் சைக்கிளிலேயே. அதனால் சில்லைக் கண்டால் காற்று இருக்கிறதா என்று பெருவிரலால் அழுத்திப் பார்க்கும் பழக்கம் கனடாவுக்கும் அவருடன் வந்திருந்தது. என் சின்னச் சைக்கிளை வெளியே எடுக்குமுன் நானும் அப்படி அழுத்திக் காட்ட வேண்டும். "காத்தில்லாமல் ஓடினா றிம் போயிடும், பிள்ளை" என்பார். அப்படிப்பட்டவர் காரின் பின்சில்லுகளை இரண்டு தரம் அழுத்திப் பார்ப்பார். முன்சில்லுகள் நெளிந்து கிடந்தாலும் அப்படியே விட்டுவிடுவார். எனக்கு அது விளங்கவில்லை. இரவு வேலைக் களைப்பில் மறக்கிறார் என்று நினைத்தேன். "முன்சில்லு ரெண்டும் குழைஞ்ச சோறு மாதிரிக் கிடக்கு, பாக்கிறேல்லையோ?" என்று மாமா கேட்டபோதும் அப்பா "அது அப்பிடித்தான்" என்றாரே தவிர, ஏன் என்று சொல்லவில்லை. சொல்லியிருந்தால் என்று இப்போது எத்தனையோ தரம் நினைத்துவிட்டேன். நான் கேட்டிருந்தால் என்றும்.

அப்போது எனக்குப் பத்து வயது. ஐப்பசி மாதத்துச் சனிக்கிழமை, கோயிலுக்குப் போக இருந்தோம். அப்பா வேலையால் வந்து படுத்திருந்தார், அம்மா மேலே சேலை உடுத்துக்கொண்டிருந்தார். நான் கராஜுக்குள் இறங்கி, காற்றடிக்கிற கால்பம்மை முன்சில்லில் பொருத்தி, பின்சில்லின் இறுக்கம் வரும்வரை மிதித்தேன், பிறகு மற்றதையும். இரண்டும் நிமிர்ந்து நின்றதைப் பார்க்க அவ்வளவு சந்தோசம். இனி மாமா வாய் திறக்க முடியாது, கோயிலால் வந்த பிறகு அப்பாவிடம் சொல்லலாம் என்று வைத்துக்கொண்டேன்.

மழை தூறிக்கொண்டிருந்தது. நெடுஞ்சாலையிலிருந்து இறங்கும் பாதை இடப்பக்கம் வளைகிற இடத்தில் அப்பா வேகத்தைக் குறைக்க, என் முதுகுக்குப் பின்னால் எஞ்சின் சத்தம் ஒருபக்கமாக நகர்ந்துபோவதுபோல் இருந்தது. அந்தப் பாரம் முழுவதும் வலப்பக்கம் வீசிக்கொண்டு போய் இரும்புத் தடுப்பில் மோதியது. அம்மா இருந்த பக்கம்.

அம்மாவின் வலது முழங்கை நொறுங்கியது. கட்டு அவிழ்த்த பிறகும் கை முழுதாக நீளவில்லை. சேலைச் சட்டை தைப்பதில் அம்மாவுக்கு அந்த வட்டாரத்தில் நல்ல பெயர். தையல் இயந்திரத்தின்மேல் ஒரு துணி விழுந்தது, அந்தத் துணியைப் பிறகு யாரும் எடுக்கவில்லை. என் தலையையும் நானே பின்னப் பழகினேன். "என்ர பிழை" என்று அப்பா எல்லோருக்கும் சொன்னார். பொலிசுக்கும் மாமாவுக்கும் அம்மாவுக்கும் அதே இரண்டு சொல். பிறகு அவர் எந்தக் காரும் ஓட்டவில்லை, பஸ்ஸில்தான் வேலைக்குப் போனார். அம்மா அவருடன் பேசுவதைச் சாப்பாட்டுக்கும் மருந்துக்கும் மட்டும் என்று குறைத்துக்கொண்டார்.

இழுவை வண்டி நசுங்கிய காரைக் கொண்டுவந்து கராஜுக்குள் விட்ட பின்னேரம், நான் படியில் நின்று பார்த்தேன். அப்பா முன்சில்லுக்குப் பக்கத்தில் குந்தியிருந்து பெருவிரலால் அழுத்தினார். நெடுநேரம் விரலை எடுக்கவில்லை. பிறகு மற்றதையும் அழுத்தினார். அதன் பிறகு வால்வு மூடியைக் கழற்றி உள்ளூசியை அழுத்த, "உஸ்" என்று காற்றுப் போகும் சத்தம் கேட்டது. எழும்பித் திரும்பியவர் என்னைக் கண்டார். "மேலை போ பிள்ளை, குளிருது" என்றார். இனி ஓடாத காருக்குக் காற்று எதற்கு என்று திறந்துவிடுகிறார் என்றுதான் நான் நினைத்தேன். கால்பம்மைப் பிறகு அந்த வீட்டில் நான் காணவில்லை.

அப்பா போன மாசியில் காலமானார். அப்பா அம்மாவுடன் நாங்கள் பக்கத்து ஊரான அஜக்ஸுக்கு வீடு மாறியபோது கூடவே இழுத்துவரப்பட்ட கார் இப்போது என்னுடையது. பழைய கார்கள் சேர்க்கும் ஒருவருக்குக் கொடுத்துவிடுவோம் என்றார் என் கணவர். வருகிறவர் ஏதும் கேட்டால் பதில் சொல்லவேண்டுமே என்று, காருக்குள் கிடந்த கைநூலை முதல்முறையாக வாசித்தேன். பாரம் பின்னால் இருப்பதால் முன்சில்லுகளில் காற்று பின்சில்லுகளைவிட மிகக் குறைவாக, கிட்டத்தட்டப் பாதியாக, இருக்கவேண்டும். சமமாக அடித்தால் வளைவுகளில் பின்பக்கம் வீசும் என்று இருந்தது. அந்த வரிகளுக்குக் கீழே அப்பாவின் பென்சில் கோடு.

மழையும் இருந்தது, அவர் நித்திரை குறைந்தும் இருந்தார் என்று எனக்கே சொல்லிப் பார்க்கிறேன். அந்தச் சமாதானம் எதுவும் நிற்கவில்லை. கேட்பதற்கு அவரும் இல்லை. என் மகளின் சைக்கிளுக்கு நான்தான் காற்றடிக்கிறேன். அடித்துவிட்டு, அது பிழையோ என்று பாதியைத் திறந்துவிடுகிறேன். அவளைப் பம்மைத் தொட விடுவதில்லை. ஏன் என்று கேட்கிறாள். "அது அப்பிடித்தான்" என்று என் வாயிலிருந்தே வருகிறது.

நேற்றுக் காரை ஏற்றிக்கொண்டு போய்விட்டார்கள். கராஜில் ஒயில் கறை மட்டும் இருக்கிறது. குனிந்து மணந்து பார்த்தேன், குளிர்ந்த சீமெந்துதான் மணந்தது. பின்னால் கதவைத் திறந்துகொண்டு அம்மா வந்து நின்றார், மடங்கிய கையை மற்றக் கையால் தாங்கியபடி.

"துலைஞ்சுது. சில்லுக்குக் காத்துக்கூட ஒழுங்காப் பாக்கத் தெரியாத மனுசன்."

சொல்லத்தான் திரும்பினேன். அம்மாவின் முழங்கையைப் பார்த்தேன்.

"ஓம் அம்மா" என்றேன்.