மலை வாசலில் கனகா போட்டுக்கொண்ட செருப்பு

கம்பெனியில் காலர் தைத்துக்கொண்டிருந்தபோது சூப்பர்வைசர் என் மெஷின் பக்கத்தில் வந்து நின்றார். அவர் குரலைத் தாழ்த்திப் பேசி நான் கேட்டதே இல்லை. "கனகா போயிட்டாங்கம்மா. நீ கிளம்பு," என்றார். மூன்று மாதமாகப் படுக்கையில் கிடந்தவள்தான். ஆனாலும் கையிலிருந்த காலரைத் தைத்து முடித்துவிட்டுத்தான் எழுந்தேன். ஏன் அப்படிச் செய்தேன் என்று இன்னும் தெரியவில்லை.

இங்கே அவளுக்காகக் கூடியிருக்கிற, அவளைத் தெரிந்த உங்களுக்கு நான் என்ன புதிதாகச் சொல்லப்போகிறேன்? பெங்களூர் மர்பி டவுனில் எங்கள் இரண்டு வீடும் ஒரே வரிசை. அடுகோடி கம்பெனிக்கு ஒரே பஸ்ஸில் பதினோரு வருஷம் போனோம். சேர்ந்த முதல் வாரமே அந்த சூப்பர்வைசர் அவளை "ஏய்" என்று கூப்பிட்டார். மெஷினை நிறுத்திவிட்டு எழுந்து நின்றாள். "சார், எனக்குப் பேரு இருக்கு. கனகா. மூணே எழுத்து, வாய் வலிக்காது." மெஷின் வரிசை முழுக்கச் சிரித்தது. அதற்கப்புறம் அவர் எங்களில் யாரையும் ஏய் என்றதில்லை. கடைசியில் அவர் வாயிலிருந்து "போயிட்டாங்க" என்று மரியாதையாக வந்ததும் அவள் சம்பாதித்ததுதான்.

ஒரு ஆயுத பூஜை லீவில் கம்பெனிப் பெண்கள் சேர்ந்து வேன் வைத்துப் போனோம். எல்லோரும் நந்தி மலை என்றார்கள். கனகா மட்டும் கோலார் பக்கத்து மலை ஒன்றைச் சொல்லிப் பிடிவாதம் பிடித்தாள். உச்சியில் பழைய கோட்டை மதில், மதிலுக்குள் ஒரு ஊர். அவள் அம்மா முனியம்மா அந்த மலையடிவாரத்துக் காலனியில் பிறந்தவர் என்பது மட்டும் எனக்குத் தெரியும்.

அன்றைக்கென்று புதுச் செருப்பு வாங்கியிருந்தாள். அதைக் கவரில் சுற்றிக் கையில் பிடித்துக்கொண்டு, வெறுங்காலோடு படி ஏறினாள். பாறை சுட்டது. "தேஞ்சிடும்னு தூக்கிக்கினு வராளா பாரு! சரோ, நீயாவது சொல்லேன்டி," என்று கூட வந்த விஜயா என்னிடம் சொல்லிக் கிண்டல் செய்தாள். கனகா அடுத்த படிக்கு ஏறினாள்.

மற்றவர்கள் பின்தங்க, நாங்கள் இருவரும் முதலில் ஏறினோம். மேலே பெரிய கல் வாசல். அதைப் பார்த்ததும் என் கால் தானாக நின்றது. நான் குனிந்து செருப்பைக் கழற்றினேன். பக்கத்தில் கனகா கவரைப் பிரித்துப் புதுச் செருப்பைப் போட்டுக்கொண்டிருந்தாள்.

"எதுக்குடி கழட்டுற?"

"கோயில் மாதிரி இருக்கே."

"கோயிலு உள்ள இருக்குது. இது வாசல். போட்டுக்கடி." செருப்பு வாரை மாட்டிக்கொண்டே சொன்னாள்: "எங்கம்மா வெறகு சுமந்துகினு இதுவரைக்கும் வருவாங்க. இங்கயே இறக்கணும். உள்ள போகக்கூடாது. செருப்பே கூடாது."

என் அம்மாவும் தன் ஊர்த் தெருவில் செருப்பைக் கக்கத்தில் வைத்துக்கொண்டு நடந்தவள்தான். அந்தப் பழக்கம் என் காலிலும் இருந்தது என்பது அப்போதுதான் எனக்குத் தெரிந்தது. திரும்பப் போட்டுக்கொண்டேன்.

வாசல் கல்லில் ஒரு பெரியவர் வழியை மறித்துக் கால் நீட்டி உட்கார்ந்திருந்தார். எங்கள் காலைத்தான் முதலில் பார்த்தார். "யார மகளு நீனு?" என்று கன்னடத்தில் கேட்டார். ஏதாவது பொய் சொல்லிவிடுவாள் என்று நினைத்தேன்.

"முனியம்மன மகளு. கீழ் காலனி," என்று சத்தமாகச் சொன்னாள்.

அவர் அவள் செருப்பை மறுபடி பார்த்தார். கடைசியில் நீட்டியிருந்த காலை மடக்கிக்கொண்டார். வா என்றும் சொல்லவில்லை, போ என்றும் சொல்லவில்லை. கனகா உள்ளே நடந்தாள். நான் பின்னாலேயே போனேன்.

உள்ளே காயப்போட்ட கேழ்வரகு, நாலைந்து ஆடு, பாதி இடிந்த வீடுகள். "இவ்ளோதானா? இதைப் பாக்கவா எங்கம்மா அப்படி ஏங்கினாங்க?" என்று சிரித்தாள். அப்புறம் மதில்மேல் கை ஊன்றிக் கீழே தெரிந்த காலனியைப் பார்த்து அழுதாள்.

அவள் போன அன்று பஸ் இறங்கி ஓடிய நான் அப்படியே செருப்போடு அவள் தலைமாடு வரை போய்விட்டேன். "கழட்டிட்டு வாம்மா," என்று யாரோ அதட்டினார்கள். கழற்றினேன். அவர்கள் சொன்னதற்காக அல்ல. அவள் முன்னால் நிற்கிறேன் என்று நானே விரும்பிக் கழற்றினேன்.

மற்ற இடங்களில் என் கால் இன்னும் சில வாசல்களில் நிற்கத்தான் செய்கிறது. "போட்டுக்கடி" என்ற அவள் குரலை மனசில் வைத்திருக்கிறேன். அது போதும், உள்ளே போய்விடுவேன்.