முப்பதாம் வருடத்துத் தெரு

மற்றவர்கள் பேசுவதை எழுதுவதுதான் நகராட்சியில் யோபே சோக்கோவின் வேலை. முப்பத்தோரு வருடம் அதைத்தான் செய்தார். எஞ்சினியர் கத்துவார், கவுன்சிலர் மேசையைத் தட்டுவார், சந்தைக்காரப் பெண்கள் இரண்டு பேரையும் சேர்த்துத் திட்டுவார்கள். யோபே தலை நிமிராமல் எழுதிக்கொண்டிருப்பார். அவர் குறிப்பேட்டில் இருப்பதுதான் நடந்தது, இல்லாதது நடக்கவே இல்லை. அந்தச் செம்புச் சுரங்க ஊரில் இத்தனை அதிகாரம் படைத்த மனிதர் அவர்தான் என்று ஊருக்கும் தெரியாது, அவருக்கும் தெரியாது.

அப்போதெல்லாம் மழைக்கு முன்னால், அக்டோபர் வெயிலில், வார்டு வார்டாகக் கூட்டம் நடக்கும். எந்தத் தெருவுக்கு முதலில் தார் போடலாம் என்று ஜனங்களே சொல்ல வேண்டும். பள்ளிக்கூட முற்றத்தில் தெருவுக்கு ஒரு வாளி வைத்து, ஓட்டாகப் போட ஆளுக்கு மூன்று சோடா மூடி கொடுப்பார்கள். காலை முழுக்க வாளிகளில் மூடி விழுந்துகொண்டே இருக்கும். அந்தச் சத்தம் இப்போதும் யோபேயின் காதில் இருக்கிறது. பிறகு எஞ்சினியர் ஆஸ்பத்திரி உண்டா, பஸ் போகுமா, தண்ணீர் எங்கே வடியும் என்று பார்த்துத் தன் மதிப்பெண்ணைப் போடுவார். அதற்கப்புறம் பணம். பெட்ரோல் வரியில் தலைநகரம் அனுப்பும் பங்கு, வீட்டு வரி, சந்தை வரி எல்லாம் சேர்த்தாலும் ஒரு வருடத்தில் நாலு தெரு தேறாது. மிச்சத் தெருக்களுக்கு வருடம் குறித்துவிடுவார்கள். உன் தெரு ஆறாம் வருடம், என் தெரு ஒன்பதாம் வருடம் என்று ஜனங்கள் அதைப் பிள்ளை பிறந்த தேதிபோல ஞாபகம் வைத்திருப்பார்கள்.

முகுயுத் தெருவுக்காக வந்து நிற்பவள் பனா கலுபா. கலுபாவின் அம்மா என்று அர்த்தம். சொந்தப் பெயர் என்னவோ, யாரும் கேட்டதில்லை. சந்தையில் கருவாடு விற்பவள். குரல் அடுத்த வார்டு வரை போகும். அவள் பெம்பா இனம், யோபே இங்கோனி இனம். இந்த இரண்டு கூட்டத்துக்கும் பாட்டன் காலத்திலிருந்து கேலி முறை. எங்கே பார்த்தாலும் எலி தின்னி, குரங்கு தின்னி என்று வாய்க்கு வந்தபடி வையலாம், கோபித்துக்கொள்ளக் கூடாது. அந்த உரிமையை இவர்கள் இருவரும் ஒரு நாளும் வீணடித்ததில்லை.

இரண்டாயிரத்து நாலாம் வருடக் கூட்டத்தில் முகுயுத் தெரு வாளி இரண்டாவதாக வந்தது. எஞ்சினியரும் இரண்டாயிரத்து ஆறாம் வருடம் என்று சொல்லிவிட்டார். பனா கலுபா மேசைக்கு வந்து நின்றாள்.

"ஏய் எலி தின்னி, ஒழுங்கா எழுது. மழை வந்தா பிள்ளைத்தாச்சிய தள்ளுவண்டியில வச்சுத்தான் ஆஸ்பத்திரிக்கு உருட்டிட்டுப் போறோம்."

"குரங்கு தின்னுற கூட்டத்துக்கு ரோடு எதுக்கு? மரத்துக்கு மரம் தாவிப் போக வேண்டியதுதானே?"

"நாங்க தாவிருவோம். நீ எங்க வீட்டுக்கு ஓசிச் சோறு திங்க வரணும்ல, அதுக்குத்தான் ரோடு."

"அப்படியா? இந்தா எழுதிட்டேன். முகுயுத் தெரு, இரண்டாயிரத்து முப்பது!"

நிஜமாகவே எழுதினார். எழுதி உரக்கப் படித்தும் காட்டினார். கூட்டமே சிரித்து உருண்டது. பனா கலுபா ஒரு சோடா மூடியை அவர் மண்டையில் எறிந்தாள். இப்படிக் கேலியாக எழுதியதை மறுநாள் சுத்தப் பிரதி தட்டச்சு செய்யும்போது திருத்திவிடுவது யோபேயின் வழக்கம்.

மறுநாள் மலேரியா வந்து படுத்தார். ஒன்பது நாள் எழுந்திருக்கவில்லை. அந்த வருடம் பார்த்து இருபத்தைந்து வருடத் திட்டத்துக்காக வெளிநாட்டிலிருந்து ஒரு கம்பெனியை வைத்திருந்தார்கள். அங்கிருந்து வந்த இளம்பெண் நல்ல உழைப்பாளி. யோபேயின் மேசையில் இருந்த குறிப்பேட்டை எடுத்து ஒரு எழுத்து விடாமல் திட்டத்தில் ஏற்றிவிட்டாள். கேலியைக் கேலி என்று அவளுக்கு யார் சொல்வது? யோபே திரும்பி வந்தபோது சபை ஒப்புதல் முடிந்து, நீல அட்டை போட்ட புத்தகம் தலைநகரத்துக்கும் போயிருந்தது. முகுயுத் தெரு, 2030, குடியிருப்போர் விருப்பப்படி.

மாற்றலாம். ஆனால் கூட்டத்தில் நடக்காததைக் குறிப்பில் எழுதினேன் என்று அவரே கையெழுத்துப் போட வேண்டும். போட்டால் வேலை போகும். நாலு பிள்ளைகள் பள்ளிக்கூடத்தில் இருந்தார்கள்.

ஒரு வாரம் சோறு இறங்காமல் கிடந்துவிட்டு, பனா கலுபாவின் வாசலுக்குப் போய்ச் சொன்னார். அவள் முதலில் விழுந்து விழுந்து சிரித்தாள். அப்புறம் அவர் முகத்தைப் பார்த்து நிறுத்தினாள்.

"நெசமாவா?"

"நெசம்."

கொஞ்ச நேரம் கருவாட்டைப் புரட்டிப் போட்டுக்கொண்டிருந்தாள். "யாருட்டயும் சொல்லாத. உன் வேலை போனா உன் எலிக்குஞ்சுங்களுக்கு யாரு சோறு போடுறது? என்ன, முப்பது வரைக்கும் நான் சாகாம இருக்கணும். அவ்வளவுதானே?"

அவ்வளவுதான். பயந்தவர் அவர், வாயைக் கட்டிக்கொண்டவள் அவள். தெருக்காரர்கள் கேட்டால், "அரசாங்கம்னா அப்படித்தான்" என்று சொல்லிச் சமாளிப்பாள். மழைக்காலத்தில் தள்ளுவண்டியின் ஒரு கைப்பிடியைத் தானே பிடிப்பாள். கூட்டத்தில் யோபேயைப் பார்த்தால், "எலி தின்னி, இன்னும் எத்தனை வருசம்?" என்று கேட்பாள். இருபத்தைந்து என்பார். இருபத்துமூன்று என்பார். எல்லோரும் சிரிப்பார்கள். அந்தச் சிரிப்பில் அவள் தனக்குக் கொடுத்த மன்னிப்பும் இருந்தது என்று யோபேக்கு மட்டும் தெரியும். ஐந்து வருடம் கழித்துத் திட்டத்தை மறுபடி பார்த்தபோது, செம்பு விலை விழுந்து கிடந்தது. முகுயுவை முன்னால் கொண்டுவரலாமே என்று யோபே இழுத்துப் பார்த்தார். ஜனங்களே முப்பது கேட்டிருக்கிறார்கள், நமக்கென்ன என்று புதிதாக வந்திருந்த எஞ்சினியர் பக்கத்தைப் புரட்டிவிட்டார். யோபே வாயை மூடிக்கொண்டார்.

இரண்டாயிரத்துப் பதின்மூன்று பிப்ரவரியில் பனா கலுபா இறந்துபோனாள். நெஞ்சுவலி. தள்ளுவண்டியில் ஏற்றிப் பாதி வழி போனார்கள், மிச்சம் போகவில்லை.

இழவு வீட்டில் கேலி முறைக்காரனுக்குக் கடமை உண்டு. அழுகிறவர்களைச் சிரிக்க வைக்க வேண்டும், பிணத்தை மறிக்க வேண்டும், காசு வாங்கிக்கொண்டுதான் வழி விட வேண்டும். சவப்பெட்டி ஏற்றிய லாரி முகுயுத் தெருவின் சேற்றில் புதைந்து நின்றது. யோபே அதன் முன்னால் போய்ச் சிவப்புச் சேற்றிலேயே சப்பணமிட்டு உட்கார்ந்தார்.

"முப்பதுக்கு முன்னால போகக் கூடாதுன்னு பேச்சு. இன்னும் பதினேழு வருசம் பாக்கி இருக்கு, எறங்கச் சொல்லு அவள!"

கூட்டம் சிரித்தது. அதற்குமேல் அவர் வாயில் வந்ததெல்லாம் அவரைக் கேட்டு வரவில்லை.

"முப்பதுன்னு எழுதினது எந்தக் கமிட்டியும் இல்ல. நான்தான். இந்தக் கைதான். வெளையாட்டுக்கு எழுதினேன், திருத்தத் துணிச்சல் இல்ல, ஒம்பது வருசமா பயந்து கெடந்தேன். இவளைக் கொன்னது நான்!"

சிரிப்பு இன்னும் பலமாக எழுந்தது. இந்த இங்கோனிக்கு நடிப்பைச் சொல்லிக் கொடுக்கணுமா என்றார்கள். துக்கத்துக்கு வந்திருந்த எஞ்சினியர் கண்ணைத் துடைத்துக்கொண்டே ஒரு நோட்டை எடுத்து அவர் சேற்றுக் கையில் திணித்தார். "பிரமாதம்யா. போதும், எந்திரி, வழிய விடு."

கேலியாக எழுதியதை நிஜம் என்று அச்சடித்த ஊர், நிஜத்தைச் சொன்னபோது காசு கொடுத்து எழுப்பிவிட்டது.

திங்கட்கிழமைக் கூட்டத்தில், ஓய்வுக்கு எட்டு மாதம் இருக்க, யோபே முதல் முறையாகப் பேனாவைக் கீழே வைத்துவிட்டு எழுந்து நின்றார். நடந்ததைச் சொன்னார். இந்த முறை ஒருவரும் சிரிக்கவில்லை.

"இதையெல்லாம் குறிப்புல எழுதணுமா?" என்று தலைவர் மெல்லக் கேட்டார்.

"எழுதிட்டுத்தான்யா எந்திரிச்சேன்."

அவரைப் பழைய கோப்புகள் கிடக்கும் அறைக்கு மாற்றினார்கள். ஓய்வுப் பணத்திலும் வெட்டு விழுந்தது. வார்டில் மறுபடி வாளி வைத்தார்கள். முகுயு வாளியில் இடம் போதாமல் மூடிகள் தரையில் உருண்டன. அதற்கு அடுத்த இரண்டாம் வருடம் பெட்ரோல் வரிப் பணத்தில் தார் வந்தது.

தார் ஆறியதும் யோபே ஷூவுக்குப் பாலிஷ் போட்டுக்கொண்டு தேவாலயத்து முனையிலிருந்து ஆஸ்பத்திரி வரை நடந்தார். பதினோரு நிமிடம். ஷூவில் மண் ஒட்டவில்லை. திரும்பும்போது பனா கலுபாவின் வீட்டு வாசலில் மகள் கலுபா நின்றிருந்தாள். தலைநகரத்தில் படித்து வளர்ந்த பெண். அவரைப் பார்த்ததும் முழங்காலை மடக்கி, கையைத் தட்டி வணங்கினாள்.

"வாங்க பெரியப்பா. உள்ள வாங்க, வெயில்ல நிக்காதீங்க."

அவ்வளவு மரியாதையை யோபேயால் தாங்க முடியவில்லை. வாசலிலேயே நின்றுவிட்டார்.

"அம்மா என்னைய எப்படிக் கூப்பிடுவான்னு உனக்குத் தெரியும்ல?"

அவள் தலையாட்டினாள்.

"ஒரே ஒரு தடவ சொல்லும்மா."

கலுபா தெருவை இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும் பார்த்தாள். பிறகு தலையைக் குனிந்துகொண்டு மெதுவாகச் சொன்னாள்.

"உள்ள வாங்க, எலி தின்னி."