சிவப்புத் துணி கட்டிய புடலங்காய்

வீரம்மாவுக்கும் பக்கிரிசாமி கங்காணிக்கும் ஆகாது. கிள்ளான் பக்கத்து ரப்பர்த் தோட்டத்தில் இருபது வருஷம் அவள் பால் வெட்டினாள். இருபது வருஷமும் அவர் கத்தினார். ஒரு நாளாவது பேர் சொல்லிக் கூப்பிட்டிருக்கிறாரா? "ஏய்"தான். அவளும் லேசுப்பட்டவள் இல்லை. அவர் ஒன்று சொன்னால் இவள் ஒன்பது சொல்வாள்.

ஆயிரத்துத் தொள்ளாயிரத்து முப்பத்தொன்றாம் வருஷம் ரப்பர் விலை படுத்துவிட்டது. ஆட்களைக் கப்பலேற்றிக் கடல் தாண்டிச் சொந்த ஊருக்கு அனுப்பத் துரை பட்டியல் கேட்டார். முதல் பேராக வீரம்மாவைச் சொன்னது சாட்சாத் கங்காணியேதான். ஊராம் ஊர்! ஆறு வயசில் அம்மா கையைப் பிடித்துக்கொண்டு கப்பலிறங்கியவள் அவள். அங்கே அவளை அடையாளம் தெரிந்த ஒரு ஜீவன் கிடையாது. அம்மாவையும் புருஷனையும் புதைத்தது கிள்ளான் மண்ணில். இந்த மண்ணை விட்டுப் போகக்கூடாது, அவ்வளவுதான் அவளுக்கு.

வேடிக்கை என்னவென்றால், அடுத்த மாசமே கங்காணிக்கும் சீட்டுக் கிழிந்தது. யார் யார் காலையோ பிடித்து, பட்டணத்தில், பிரிக்பீல்ட்ஸ் செங்கல் சூளைகளுக்குப் பின்னால், ஆற்றங்கரையில் கொஞ்சம் நிலம் பிடித்தார். காய்கறி போட்டுப் பிழைக்கலாம் என்று எண்ணம். ஆனால் மனுஷன் கூலிகள் குடியிருக்கும் லயத்தில் பிறந்து, பிரம்பும் விசிலும் பிடித்தே வளர்ந்தவர். மண்வெட்டியைத் தொட்டதே இல்லை. லயத்துக்குப் பின்னால் வீரம்மா போட்டிருந்த புடலைப் பந்தல் அவர் ஞாபகத்துக்கு வந்தது. வெட்கமில்லாமல் அவள் வாசலிலேயே வந்து நின்றார்.

வெயில் காலம் முடிந்து மழை பிடிக்கும்வரை அவள் தோட்டத்தைப் பார்த்துக்கொடுக்க வேண்டும். பிறகு நிலத்தின் ஒரு மூலையில் குடிசை போட்டுக்கொள்ளலாம். இவளுக்கு இங்கே வேலை இருக்கிறது என்று ஆபீஸில் சொல்லி, கப்பல் புறப்படும் முன் பட்டியலிலிருந்து பேரை எடுத்துவிடுவார். இதுதான் பேச்சு. வீரம்மாவுக்கு வயிறு எரிந்தது. இருந்தாலும் சரி என்று மூட்டையைக் கட்டிக்கொண்டு அங்கே போனாள்.

அந்த வெயிலை அவள் சாகும்வரை மறக்கவில்லை. விடிந்ததும் இரண்டு மண்ணெண்ணெய் டின்களில் ஆற்றுத் தண்ணீரைத் தூக்கி ஊற்ற ஆரம்பித்தால் தோளில் தோல் உரிந்துவிடும். சூளைப் புகை கண்ணைக் கரிக்கும். கங்காணி குடையை விரித்துக்கொண்டு உட்கார்ந்து, தண்ணீர் சிந்துகிறது, கொடி சாய்கிறது, மூச்சு வாங்கிக்கொண்டு நிற்கிறாள் என்று ஓயாமல் பாட்டுப் பாடுவார். இந்த ஆளுக்கு ஒரு நோவு நொடி வராதா என்று அவள் மனசாரவே நினைத்தாள்.

அம்மா காலத்துப் புடலை விதையை முந்தானையில் முடிந்து கொண்டுவந்து, ஒன்று விடாமல் ஊன்றியிருந்தாள். பிஞ்சின் நுனியில் கல்லைக் கட்டித் தொங்கவிட்டாள். காய்கள் நேராக, ஆள் உயரத்துக்கு இறங்கின. ரயில்வே குவார்ட்டர்ஸில் கூடையை இறக்கினால் பெண்கள் மொய்த்துக்கொள்வார்கள். ரயில்வே பட்டறையில் பிட்டராக இருந்த இராமலிங்கத்தின் மனைவி சீதாலெட்சுமி, வேறு காயே வேண்டாம், இதைக் கொண்டுவா என்பாள்.

அதில் நல்ல காயாக மூன்றைப் பார்த்து, பழைய சிவப்புச் சேலையைக் கிழித்து வீரம்மா காம்பில் கட்டினாள். விதைக்கு விட்ட காய், யாரும் கைவைக்கக்கூடாது என்று அடையாளம். பச்சையில் பறித்த காயின் விதை மண்ணுக்குள் மக்கித்தான் போகும். கொடியிலேயே கிடந்து பழுத்துச் சிவந்தால்தான் முளைக்கும். தோட்டம் போட்ட எவருக்கும் தெரிந்த சமாச்சாரம். கங்காணிக்குத் தெரியவில்லை.

அவருக்கு அப்போது பத்து நாளாக வயிற்றுப்போக்கு. ஒரு காலையில் தடியை ஊன்றிக்கொண்டு பந்தலுக்குள் வந்தவர், பழுத்துச் சிவந்திருந்த மூன்று காய்களையும் அதில் சிவப்புத் துணியையும் பார்த்தார். முகம் செத்துவிட்டது. பட்டியலில் யார் பேரைச் சொன்னோம் என்று அவருக்குத் தெரியாதா!

"எனக்கா செய்வினை வச்சே?" என்றார்.

வீரம்மாவுக்குச் சிரிப்பு வந்தது. விதைக்காய் என்று ஒரு வார்த்தை சொன்னால் தீர்ந்தது. வாயைத் திறந்தாள்.

"உங்கம்மா சூனியக்காரி. அவ வயித்துல வந்தவதானே நீ."

திறந்த வாய் அப்படியே மூடிக்கொண்டது. யாருடைய விதையைத் தின்று பிழைத்துக்கொண்டு யாரைச் சொல்கிறான்! மூலையும் வேண்டாம் குடிசையும் வேண்டாம், இவனுக்கு இனி ஒரு வார்த்தை சொல்லித் தருவதில்லை என்று அந்த இடத்திலேயே முடிவு செய்தாள்.

அவர் காயைத் தொடவே பயந்தார். அவளையே அறுத்து எடுத்துக்கொண்டு போகச் சொன்னார். இனி இந்த மண்ணில் அவள் கால் படக்கூடாதாம்.

"ஒண்ணு விடாமலா, கங்காணி?"

"ஒண்ணு விடாம."

மூன்றையும் பிள்ளையைப்போல் அணைத்துக்கொண்டு நடந்தாள். சூளையைத் தாண்டியதும் நாளை எண்ணிப் பார்த்தாள். கப்பலுக்கு இன்னும் ஒன்பது நாள்தான். நேரே சீதாலெட்சுமியின் பின்வாசலுக்குப் போனாள். அந்த வீட்டுக்குப் பின்னால் ரயில்வே வேலிவரை வெறும் நிலம் கிடந்தது. புடலையை அங்கேயே போட்டுத் தருகிறேன், வீட்டு வேலையும் செய்கிறேன் என்றாள். இராமலிங்கம் ஆபீஸுக்குப் போய், இந்தம்மா எங்கள் வீட்டில் வேலை செய்கிறாள் என்று கையெழுத்துப் போட்டார். கப்பல் அவள் இல்லாமலே போனது.

மழை பிடித்தது. கங்காணியின் கொடிகள் காய்த்து ஓய்ந்தன. பாசார்க் கடையில் வாங்கிய விதை முழ நீளத்துக்குமேல் இறங்கவில்லை. குவார்ட்டர்ஸ் பெண்கள் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. அடுத்த வெயிலில், பாதி ஆளாக இளைத்து, வேலிக்கு அந்தப் பக்கம் வந்து நின்றார்.

"வீரம்மா," என்றார்.

இருபத்தோரு வருஷத்தில் முதல் தடவை. அவளுக்குச் சந்தோஷமாக இல்லை, ஆத்திரமாகத்தான் வந்தது. போன வருஷம் மிச்சம் கிடந்த பச்சைக்காயை அறுத்து அதன் விதையை ஊன்றிப் பார்த்தாராம், ஒன்றும் முளைக்கவில்லையாம். அவள் கைபட்டால்தான் முளைக்கிறதாம். விதைக்கு ஒரு காய் கொடுத்தால் போதுமாம். இந்த மண்ணில் இருக்க வேறு வழியில்லை என்று கெஞ்சினார்.

வீரம்மா பந்தலுக்குள் போனாள். நல்ல பச்சைப்பிஞ்சாக ஒன்றைப் பறித்தாள். முந்தானையைக் கிழித்துக் காம்பில் கட்டி, வேலிக்கு மேலே நீட்டினாள். அது தனக்குப் பலிக்கும் மந்திரக் கட்டு என்று நம்பி, அவர் இரண்டு கையாலும் வாங்கிக் கண்ணில் ஒற்றிக்கொண்டார்.

"பத்திரம் கங்காணி. வழியில யாரும் கைவைக்கப்படாது."

தலையாட்டிக்கொண்டே போனார். வேலியோரப் பந்தலில் விதைக்காய்கள் செக்கச்செவேலென்று வெடித்து அவர் தலைக்கு மேலேயே தொங்கின. அதில் கட்டியிருந்த சிவப்புத் துணிகளுக்குப் பயந்து அவர் நிமிர்ந்தே பார்க்கவில்லை.